சுரைக்காய்க் கூட்டும் ஒரு பெண் பார்த்தலும்

ஐயனார் சந்நிதியில் எச்சில் துப்புவது எவ்வளவு பெரிய குற்றம் என்று ராக்காயிக்குத் தெரியும். இருந்தும் துப்பினாள். துப்பிவிட்டு முந்தானையால் நாக்கைத் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை. அடித்தொண்டை வரைக்கும் கசப்பு இறங்கியிருந்தது.

"என்னாத்தா இது, சாமிக்கு முன்னால?" என்றார் பூசாரி அடைக்கலம் வேளார். கையில் இன்னும் அரிவாள் இருந்தது. இப்போதுதான் அவள் கொண்டுவந்த சுரைக்காயை ஐயனார் காலடியில் வைத்து, இரண்டாக வகுந்து, ஒரு பாதியைச் சாமிக்கு வைத்துவிட்டு மறு பாதியை அவளிடம் கொடுத்திருந்தார். அதில் ஒரு துண்டைக் கடித்துத்தான் அவள் துப்பினாள்.

ராக்காயி அந்தப் பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் நகத்தால் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தார். முகம் கோணிவிட்டது.

"பேய்ச்சுரையில்ல இது. இதையா சாமிக்குக் கொண்டாந்தே?"

"இதோட சேத்துப் பறிச்சதெல்லாம் திருமயத்துக்குப் போயிருச்சு வேளாரே." அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஐயரு கிளப்புல அதைத்தான் கூட்டு வைக்கிறாங்க. எம்மக அங்கதான் சாப்பிட உக்காரப் போறா."

அடைக்கலம் அரிவாளைக் கீழே வைத்தார். "போன ஆவணியில கீழக்குடியில ஒரு வீட்ல தெரியாமக் குழம்பு வச்சுட்டாங்க. ரத்தம் ரத்தமா வாந்தி. பெருசுங்க பொழைச்சுக்கிருச்சு. சின்னப் பய போயிட்டான். நிக்காத, ஓடு. கரி பஸ்ஸு ரஸ்தாவுக்கு வர்ற நேரந்தான்."

ராக்காயி ஓடினாள். பாதிச் சுரைக்காய் கையிலேயே இருந்தது. அதைக் கீழே போடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுடைய கொல்லையில் கசப்பான காய் காய்த்தது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். புருஷன் செத்தபோது மிஞ்சியது ஒரு கிணறும் அதைச் சுற்றிய துண்டு நிலமும்தான். பங்காளிகள் அதையும் கேட்டுப் பார்த்தார்கள். கேட்டவர்கள் வாயடைத்துப் போகும்படி அந்தத் துண்டு நிலத்தில் கத்தரியும் வெண்டையும் கொத்தவரையுமாகப் போட்டு நிரப்பினாள். பந்தலில் அவரை, பந்தலுக்குக் கீழே தண்டுக்கீரை, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற வாய்க்காலில் வாழை. அங்கே சும்மா கிடந்த இடம் என்றால் அது அவள் காலூன்றி நின்ற இடம்தான்.

அந்தக் காய் திருமயத்தில் ஆத்மநாதையரின் காபி கிளப்புக்குப் போயிற்று. புதுக்கோட்டையிலிருந்து கோர்ட்டுக் கச்சேரி வேலையாக வருகிறவர்கள் ஐயர் கிளப்பில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் திரும்புவதில்லை. "என்ன ஓய், உம்ம கத்தரிக்காய்க்கு மட்டும் எங்கிருந்து இந்த ருசி" என்று கேட்பார்கள். ஐயர் சிரித்துக்கொண்டே தம் கைமணம் என்கிற மாதிரி நின்றுகொள்வார். விடியற்காலை செடியில் இருந்தது மத்தியானம் இலையில் இருந்தால் யார் சமைத்தாலும் ருசிக்கத்தான் செய்யும். அதைச் சொல்லவேண்டிய ராக்காயி கொல்லைப்பக்கக் கதவோடு கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறவள். கிளப்பின் உள்ளே அவள் கால் வைத்ததில்லை.

ஆனால் ஐயரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சமைக்கும்போது அவர் ருசி பார்க்கமாட்டார். பார்த்தால் எச்சில். ஆவியில் வருகிற வாசனையை வைத்தே உப்பு உறைப்பைச் சொல்லிவிடுவதாக அவருக்குப் பெருமை. கசப்புக்கு ஏது வாசனை?

ராக்காயி வீட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளரியோ சுரையோ, மற்ற நாட்களில் காம்புப் பக்கம் ஒரு சீவல் சீவி நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்தக் காயும் கூடையில் ஏறாது. ஆனால் கொடி காய்த்ததும் அந்த வருஷத்தின் கன்னிக்காயை ஐயனாருக்கு வைக்கவேண்டும். அதற்கு முன்னால் வீட்டார் யாரும் அந்தக் காயை வாயில் வைக்கக்கூடாது. கொடுக்கலாம், விற்கலாம், நாக்கில் மட்டும் படக்கூடாது. அதனால் இன்று காலை பறித்த சுரைக்காய்களில் ஒன்றைக்கூட அவள் சீவிப் பார்க்கவில்லை.

பறித்தவன் அவள் தம்பி உடையப்பன். அங்கேதான் வினை.

மகள் பிரகதாம்பாளைப் பெண் பார்க்க இன்று கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பையன் ரத்தினவேல், ஒரே பிள்ளை, இறவைக் கிணற்றோடு நல்ல நிலம். பையனின் தகப்பன் பிழைப்புக்குக் கொழும்புக்குப் போனவர். தாய் சொர்ணவல்லி வைத்ததுதான் சட்டம். அந்த அம்மாள் இதற்கு முன்னால் ஒரு பெண்ணை நடை சரியில்லை என்று தள்ளியவள். இன்னொருத்தியைச் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்டது என்று தள்ளியவள். திருமயத்துக் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்ப்பது, பிறகு இரண்டு வீட்டாருமாகக் கிளப்பில் சாப்பிட்டுப் பிரிவது என்று ஏற்பாடு. அரிசிக்குக் கட்டுப்பாடு வந்த வருஷம் அது. வீட்டில் அழைத்து விருந்து வைக்க யாரிடமும் நெல் இல்லை.

தாலியறுத்தவள் இப்படிப்பட்ட காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது. ராக்காயிக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. தாய்மாமன் உடையப்பன் கூட்டிப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். உடையப்பன் நல்லவன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. "நம்ம கொல்லைச் சுரைக்காயையே கூட்டு வைக்கச் சொல்றேங்கா. பொண்ணு கைராசி எப்படின்னு அவங்க நாக்கே சொல்லட்டும்" என்று விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக் கூரை மேல் ஏறினான்.

கொட்டகையின் தெற்குப் பக்கம் நல்ல சுரை. வடக்கு மூலையில் வேறொரு கொடி. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிற பிச்சையம்மாள், விதை போட்டுவைக்கக் குடுக்கை ஆகும் என்று கொடுத்த விதை அது. காய் முற்றிக் காய்ந்தால் ஓடு கல் மாதிரி இருக்கும், தின்பதற்கு ஆகாது. இரண்டு கொடியும் கூரையின் உச்சியில் பின்னிக்கொண்டன. பிஞ்சில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தக் கொடி எங்கே முளைத்தது என்று ராக்காயிக்குத் தெரியும், உடையப்பனுக்குத் தெரியாது. அவன் கைக்கு எட்டியதையெல்லாம் அறுத்துப் போட்டான்.

ராக்காயி அப்போது கீழே மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"இலையில எது விழுந்தாலும் மொகம் சுளிக்கக் கூடாது. உப்பு இல்லேன்னாலும் வாய் தெறக்கக் கூடாது. மிச்சம் வைக்கக் கூடாது. அந்தம்மா ஒம் மொகத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கும்."

"தெரியும் ஆத்தா" என்றாள் பிரகதம்.

தெரியாமல் இருக்குமா? சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் ரசம் புளிக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். ராக்காயி பந்தியிலேயே தொடையில் கிள்ளினாள். அந்தத் தழும்பு மறையப் பல நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த வீட்டிலும் எந்தச் சாப்பாட்டையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பொட்டலில் முள் தைத்த காலோடு ஓடிய ராக்காயிக்கு அந்தக் கிள்ளுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. மற்றவர்கள் யாராக இருந்தாலும் ஒரு வாய் வைத்ததும் துப்பிவிடுவார்கள். பிரகதம் துப்பமாட்டாள். விஷத்தை வைத்தாலும் மிச்சம் வைக்காமல் தின்கிற மாதிரி பெற்ற தாயே அவளைப் பழக்கி வைத்திருக்கிறாள்.

கரி பஸ் ரஸ்தாவில் நின்றது. பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பின்னால் ஒரு இரும்பு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற வண்டி. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். ராக்காயி ஏறியதும் கண்டக்டர் அவள் கையைப் பார்த்தான்.

"என்னம்மா, பாதிச் சுரைக்காயைத் தூக்கிக்கிட்டுப் பயணம்?"

"வெரசாப் போகச் சொல்லுய்யா" என்றாள்.

தூரத்தில் திருமயம் கோட்டை தெரிந்தது. பாறை மேல் உட்கார்ந்திருந்த அந்தக் கோட்டை, வண்டி எவ்வளவு போனாலும் கிட்டே வருவதாக இல்லை. ராக்காயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கோயிலில் பார்த்து முடித்திருப்பார்கள். கிளப்புக்கு வந்திருப்பார்கள். இலை போட்டிருப்பார்களா? ஐயர் ஆளைப் பார்த்த பிறகுதான் அப்பளம் பொரிப்பார், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். எண்ணெய் காயாமல் இருக்கட்டும். அடுப்பு அணைந்து போகட்டும்.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. முன்வாசலால் போகவேண்டாம். எப்போதும் போல் கொல்லைப்பக்கக் கதவில் நின்று ஐயரைக் கூப்பிட்டு, கூட்டை மட்டும் எடுத்துக் கொட்டிவிடுங்கள் என்று காதோடு சொல்லிவிட்டால் போதும். சொர்ணவல்லி கண்ணில் படவே வேண்டாம். மகளும் பிழைப்பாள், சம்பந்தமும் பிழைக்கும். அந்த யோசனை வந்த பிறகுதான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

ஊருக்கு முன்னால் இருந்த மேட்டில் வண்டி நின்றுவிட்டது. கிளீனர் இறங்கி, நீளக் கம்பியால் அடுப்பைக் கிண்ட ஆரம்பித்தான். கண்டக்டர் பீடி பற்றவைத்தான். வண்டியில் இருந்தவர்கள் இதெல்லாம் பழகிப்போன மாதிரி கொட்டாவி விட்டார்கள். ராக்காயிக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பியைப் பிடுங்கி அவர்கள் எல்லாரையும் சாத்தலாம் போலிருந்தது. பாதிச் சுரைக்காயை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி ஓட ஆரம்பித்தாள். வெள்ளைச் சேலை முழங்காலுக்கு மேலே ஏறியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

கொல்லைப்பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆத்மநாதையர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்பளத் தட்டு காலி. எண்ணெய்ச் சட்டி இறக்கி வைத்தாயிற்று.

"சாமி, அந்தக் கூட்டு" என்றாள். மூச்சு இரைத்தது.

"எந்தக் கூட்டு? உங்காத்துச் சுரைக்காய்க் கூட்டா? அது ஆயிடுத்தே." ஐயர் முகமெல்லாம் சிரிப்பு. "உன் பொண்ணுக்கு அதுன்னா உசிர் போலிருக்கு. வளத்தவளே மொதல்ல சாப்பிடட்டும்னு அந்தம்மா சொன்னா. அவ இலையில கொஞ்சம் வச்சேன். ஒரு வாய் சாப்பிட்டா. அப்புறம் என்னை அந்தண்டை நகரவே விடலை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இவாளுக்குன்னு தனியா வச்ச சின்னப் பாத்திரம் பூராவும் வாங்கிண்டுட்டா. மத்தவாளுக்கு அவரைக்காயைத்தான் போட்டேன். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் மனசுல வருத்தம்தான்."

ராக்காயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரகதத்துக்குச் சுரைக்காயே பிடிக்காது. வாரத்துக்கு ஒருநாள் வீட்டில் வைத்தால் அன்றைக்கு மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஒரு வாயில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் பாத்திரத்தையே வாங்கித் தின்றிருக்கிறாள்.

கொல்லைப்பக்கக் கதவும் காதோடு பேசுகிற யோசனையும் அந்த நிமிஷமே ராக்காயிக்கு மறந்துபோயின. ஐயரின் சமையலறைக்குள் காலை வைத்தாள். "ஏய், ஏய், மடி, தொட்டுடாதே" என்று ஐயர் கையை நீட்டினார். அடுப்பைத் தாண்டி, சாதக் குண்டானைத் தாண்டி, அவரையும் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்கூடத்தில் நடுவே ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் உடையப்பனும் ஒரு வாட்டசாட்டமான பையனும் மோருக்குக் காத்திருந்தார்கள். இந்தப் பக்கம் சொர்ணவல்லி சாப்பாட்டை முடித்து, இலையை மடிக்காமல், எதிரே இருந்த பெண்ணை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு எழுதியிருந்தது. பிரகதம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்து குங்குமம் கரைந்திருந்தது. இலையின் மூலையில் இன்னும் ஒரு கவளம் கூட்டு. அதை விரலால் திரட்டிக்கொண்டிருந்தாள்.

ராக்காயி குனிந்து அந்த இலையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரு இது?" என்றாள் சொர்ணவல்லி. வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் அவள் கை தானாகத் தன் சேலையை ஒதுக்கிக்கொண்டது.

"அக்கா" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் உடையப்பன் எழுந்தான். "நீ எதுக்கு இங்கிட்டு வந்தே?" அவன் குரலில் கோபத்தை விட அவமானம்தான் அதிகம் இருந்தது.

ராக்காயி இலையைக் கீழே எறிந்தாள். மகளின் கையைப் பிடித்துத் தூக்கிக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். போகிற வழியில் ஐயரின் உப்புச் சட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். வாளித் தண்ணீரில் கரைத்து மகளின் வாயில் ஊற்றினாள்.

"குடி. எல்லாத்தையும் வெளியில எடு."

"ஆத்தா, அவங்க பாக்குறாங்க" என்றாள் பிரகதம் கெஞ்சுகிற குரலில். அப்போதும் அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

ராக்காயி அவள் பிடரியைப் பிடித்து, விரலைத் தொண்டைக்குள் விட்டாள். முதலில் சோறும் கூட்டும் வந்தது. இன்னொரு வாளி தண்ணீர். பிறகு பச்சையாக வந்தது. அதன்பிறகு பிரகதத்துக்கு விரல் தேவைப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானாகவே எடுத்தாள். கடைசியாக வந்ததில் நூல் நூலாகச் சிவப்பு இருந்தது. அதை ராக்காயியும் பார்த்தாள். அப்படியே கிணற்றடிச் சேற்றில் உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

கூடத்துக் கதவில் எல்லாரும் நின்றார்கள். உடையப்பன் அக்காவின் இடுப்பிலிருந்து தரையில் விழுந்து கிடந்த பாதிச் சுரைக்காயை எடுத்துக் கடித்தான். கடித்த வாயோடு அப்படியே நின்றான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாந்தான் கூரை ஏறிப் பறிச்சேன்" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

அந்தப் பையன் ரத்தினவேல் வாசலுக்கு ஓடினான். யாரிடம் என்ன சொன்னானோ, கொஞ்ச நேரத்தில் ஒரு ஒற்றை மாட்டு வண்டி கிளப்பு வாசலில் நின்றது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஏதோ மருந்தைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். "உடனே வாந்தி எடுக்க வச்சது நல்லதாப் போச்சு. ஆனா உள்ளே எவ்வளவு தங்கியிருக்குன்னு இப்போ சொல்ல முடியாது. சாயங்காலம் வரைக்கும் ரத்தம் வராம இருந்தா பயமில்லை" என்றார்.

சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பதைப் போல் ஒரு தண்டனை கிடையாது. பிரகதம் கண்ணை மூடிக் கிடந்தாள். அவ்வப்போது உடம்பு சுருண்டு எழும். எழுகிற ஒவ்வொரு தடவையும் ராக்காயி தகரப் பேசினைப் பிடித்துக்கொண்டு, அதில் என்ன நிறம் விழுகிறது என்று பார்த்தாள். வெளித் தாழ்வாரத்தில் சொர்ணவல்லி உட்கார்ந்திருந்தாள். அவள் ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டது. ஏன் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ரத்தினவேல் தூணில் சாய்ந்து நின்றான். உடையப்பன் கண்ணைத் துடைப்பதும் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான்.

கோட்டையின் நிழல் ஆஸ்பத்திரிச் சுவர் வரைக்கும் நீண்டபோது பிரகதத்தின் உடம்பு அடங்கியது. கடைசி இரண்டு தடவையும் வெறும் தண்ணீர்தான் வந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இனிமே கஞ்சி ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க" என்றார்.

ராக்காயிக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"ஏண்டி பாவி, கசந்துச்சில்ல? ஏன் துப்பலை?"

பிரகதம் கண்ணைத் திறந்தாள். தொண்டை புண்ணாகியிருந்ததால் குரல் உள்ளேயே இருந்தது. "மாமா நம்ம கொல்லைக் காயின்னு பெருமையாச் சொல்லிட்டாரு. அவங்க வாயில வச்சா நம்ம மானம் போயிரும். அதான் அவங்களுக்கு மிச்சம் இல்லாம நானே வாங்கிக்கிட்டேன். கசப்புதானேன்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீதானே ஆத்தா சொன்னே, மொகம் சுளிக்கக் கூடாதுன்னு."

ராக்காயி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைதானே அந்தத் தொடையில் கிள்ளியது.

கதவருகே நிழல் விழுந்தது. சொர்ணவல்லி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மெதுவாக உள்ளே வந்து கட்டிலின் காலடியில் நின்றாள். மத்தியானம் இருந்த முகம் இல்லை.

"நான் தப்பா நெனச்சுட்டேன் மதினி" என்றாள். "பொண்ணு இப்படிப் பேயாத் திங்குதேன்னு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். இப்பத்தான தெரியுது. இவ்வளவு கசப்பையும் மொகம் சுளிக்காம முழுங்கியிருக்கா. இப்பேர்ப்பட்ட பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும். ஒடம்பு தேறட்டும், நானே வந்து பூ வைக்கிறேன்."

வாசலில் நின்ற உடையப்பன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கும்பிடக்கூடத் தயாராகிவிட்டான். இந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவு நாளாக அலைந்தது. ராக்காயியும் இதற்காகத்தான் காலையில் ஐயனாரிடம் போனாள். கன்னிக்காயோடு சேர்த்து அந்த வேண்டுதலையும் அவர் காலில் வைத்திருந்தாள்.

"வேண்டாங்க" என்றாள் ராக்காயி.

உடையப்பனுக்குக் காது கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. "அக்கா" என்றான்.

"நீ சும்மா இருடா." ராக்காயி எழுந்து நின்றாள். சேலையில் கிணற்றடிச் சேறு காய்ந்து போயிருந்தது. "முழுங்குற பொண்ணுதான் வேணும்னா நீங்க வேற எடம் பாருங்க. எம்மக இனிமே முழுங்க மாட்டா. நான் சொல்லிக் குடுத்ததை நானே மறக்கச் சொல்லப் போறேன். கசந்தா கசக்குதுன்னு சொல்லுவா. எங்க வீட்லயும் சொல்லுவா, கட்டிக்கிட்டுப் போற வீட்லயும் சொல்லுவா. நீங்க ஆக்கிப் போட்டாலும் ஒங்க மொகத்துக்கு நேராச் சொல்லுவா. அது ஒங்களுக்கு ஒத்துவராதுன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்காம எந்திரிச்சுப் போயிருங்க."

சொர்ணவல்லியிடம் இதற்கு முன்னால் யாரும் இப்படிப் பேசியிருக்கமாட்டார்கள். அவள் உதடு இறுகியது. மகனைத் திரும்பிப் பார்த்தாள். ரத்தினவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஆத்மநாதையர் வந்து சேர்ந்தார். ஒரு கையில் மூடி போட்ட செம்பு, இன்னொரு கையில் டம்ளர். மத்தியானம் தீட்டுப்பட்ட சமையலறையைக் கழுவிவிட்டு, மறுபடி அடுப்பு மூட்டி, தாமே நொய்யரிசிக் கஞ்சி வைத்து, தாமே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ராக்காயியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"கொழந்தைக்குக் கஞ்சி" என்றார். "எங்கையால வச்ச கூட்டுன்னு நெனச்சா மனசு ஆறலை. சூடு ஆத்தித்தான் கொண்டு வந்திருக்கேன்."

ராக்காயி டம்ளரில் ஊற்றி, மகளைத் தோளில் சாய்த்து, வாயருகே பிடித்தாள். பிரகதம் ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு நிறுத்தினாள். ஐயரைப் பார்த்தாள். காலடியில் நின்ற சொர்ணவல்லியைப் பார்த்தாள். கடைசியாகத் தாயைப் பார்த்தாள். ராக்காயி டம்ளரை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லுடி என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிச் சொல்ல வைத்தால் அதுவும் பழையபடி கிள்ளுகிற மாதிரிதான்.

பிரகதம் எச்சிலை விழுங்கினாள். கை விரல்கள் போர்வை நுனியைத் திருகின.

"உப்பே இல்லை ஆத்தா" என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. ஐயர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. வாசனையிலேயே உப்புச் சொல்கிறவருக்கு இப்படி ஒரு நாள் வந்திருக்க வேண்டாம். ராக்காயி மகளின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

தூணருகே அசைவு கேட்டது. நாள் முழுவதும் வாய் திறக்காத ரத்தினவேல் துண்டைத் தோளில் போட்டான்.

"நான் வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

சொர்ணவல்லி மகன் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலைச் சுற்றி வந்து, ராக்காயியின் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். பெண் குடித்து மிச்சம் வைத்த கஞ்சி. அதை உயர்த்தி ஊற்றிக்கொள்ளாமல், உதட்டில் வைத்தே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "உப்பு இல்லைதான்."